1950களின் திகில் காமிக்ஸ் அட்டை வரையலாம்: புதியவர்களுக்கான செய்முறை

பழைய அமெரிக்கத் திகில் காமிக்ஸ் அட்டைகளைப் பார்த்து ஆசைப்பட்டு வரைய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் மண்டையோட்டில்தான் தொடங்குகிறார்கள். மண்டையோடு, வௌவால், முழுநிலவு, சொட்டும் ரத்தம் என எல்லாம் படத்துக்குள் வந்து சேர்ந்துவிடும். பயம் மட்டும் வராது. அந்த அட்டைகளின் பலம் எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிட்டு வரைந்தால், சுமாராக வரையத் தெரிந்தவராலும் பார்ப்பவரைத் திடுக்கிட வைக்க முடியும்.

நான் மாதிரியாக எடுத்துக்கொள்வது நியூயார்க்கின் ஈசி காமிக்ஸ். பதிப்பாளர் வில்லியம் கெயின்ஸ், ஆசிரியர் ஆல் ஃபெல்ட்ஸ்டைன். 1950இல் தொடங்கிய திகில் வரிசையில் டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட், த வால்ட் ஆஃப் ஹாரர், த ஹான்ட் ஆஃப் ஃபியர் என்று மூன்று இதழ்கள். விலை 10 சென்ட். 1954 அக்டோபரில் காமிக்ஸ் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதியை வகுத்துக்கொண்டார்கள். ஹாரர், டெரர் என்ற சொற்களைத் தலைப்பில் வைக்கவே கூடாது என்றது அந்த விதி. ஈசியின் திகில் ஆட்டம் அத்துடன் முடிந்தது. ஐந்து வருடத்துக்கும் குறைவான காலம்தான், ஆனால் திகில் அட்டை என்றாலே இன்றும் அந்த இதழ்களைத்தான் எடுத்துப் பார்க்கிறோம்.

படி 1: முதலில் பாருங்கள்

பென்சிலை எடுக்கும் முன் ஒரு மாலை முழுக்க அட்டைகளைப் பாருங்கள். காப்புரிமை காலாவதியான பழைய இதழ்கள் டிஜிட்டல் காமிக் மியூசியம் என்ற தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ் தளத்தில் எந்த அட்டையை யார் வரைந்தார் என்ற விவரத்தோடு தேடலாம்.

ஈசியில் மூன்று பேரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஜானி கிரெய்க்: சுத்தமான கோடு, நன்றாக உடுத்திய மனிதர்கள், அவர்களுக்கு நடுவே ஒரே ஒரு பயங்கரம். ஜாக் டேவிஸ்: துறுதுறுவென்ற கோடுகள், பெரிய கால்கள், முகத்தில் ஆயிரம் சுருக்கம். கிரஹாம் இங்கெல்ஸ்: 'Ghastly' (கோரமான) என்றே கையெழுத்துப் போட்டவர், அவர் வரையும் உருவங்களில் எச்சில், முடி, கந்தல் எல்லாமே உருகி வழிவது போல இருக்கும். புதிதாகக் கற்பவர்கள் கிரெய்க்கிடமிருந்து தொடங்குவது நல்லது என்பேன். டேவிஸையும் இங்கெல்ஸையும் பார்த்து வரைய ஆரம்பித்தால் கோடுதான் கண்ணில் படும், படத்தின் அமைப்பு பிடிபடாது.

படி 2: எந்த நொடி?

இந்த வேலையில் பாதி இந்தப் படியில்தான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள்.

வால்ட் ஆஃப் ஹாரரின் 30ஆம் இதழுக்கு கிரெய்க் வரைந்த அட்டையைத் தேடிப் பாருங்கள். சுரங்க ரயில் பெட்டி. நிற்கிறவர்கள் பிடித்துக்கொள்ளும் கைப்பிடியை ஒரு கை பிடித்திருக்கிறது. கைக்குச் சொந்தமான ஆள் இல்லை. வெட்டியது யார், எப்போது, எதற்கு என்று அட்டை சொல்வதே இல்லை. அதெல்லாம் பார்ப்பவரின் தலைக்குள் தானாக ஓடிவிடுகிறது, 10 சென்ட் கைமாறுகிறது.

இன்னொன்று, ஈசியின் குற்றக்கதை இதழான க்ரைம் சஸ்பென்ஸ்டோரீஸின் 22ஆம் இதழுக்கு அதே கிரெய்க் வரைந்த அட்டை. ஒரு கையில் கோடாரி, மறு கையில் தலைமுடியைப் பற்றித் தூக்கிய ஒரு பெண்ணின் தலை. 1954 ஏப்ரல் 21 அன்று அமெரிக்க செனட்டின் துணைக்குழு விசாரணையில் செனட்டர் கீஃபாவர் இந்த அட்டையைக் காட்டி, இது நல்ல ரசனையா என்று கெயின்ஸிடம் கேட்டார். திகில் காமிக்ஸ் அட்டை என்ற அளவில் நல்ல ரசனைதான் என்றார் கெயின்ஸ். தலையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, கழுத்திலிருந்து ரத்தம் சொட்டுவதைக் காட்டியிருந்தால்தான் மோசமான ரசனை என்றும் விளக்கினார். அந்தப் பதில் அவர் பெயரைக் கெடுத்தது. ஆனால் வரைகிறவர்களுக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. வெட்டுப்பட்ட இடம் அட்டையின் கீழ் விளிம்புக்கு வெளியே போய்விடுகிறது. அந்த ஓரம்தான் நம்மை இழுத்து வைத்துக்கொள்கிறது. ரத்தத்தை மட்டும் நம்பி வரைந்தவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். அவர்களுடைய அட்டைகளை இன்று புரட்டினால் ஒன்றுகூட மனதில் நிற்பதில்லை.

ஆகவே உங்கள் கதையை ஒரு வரியில் எழுதுங்கள். பிறகு அந்தச் சம்பவம் நடப்பதற்கு ஒரு நொடி முன்போ, நடந்து முடிந்த மறு நொடியோ, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நடக்கும் நொடியை மட்டும் தொடாதீர்கள்.

இந்தச் செய்முறைக்கு நான் எடுத்துக்கொண்ட வரி: கூட்டாளியைக் கொன்று நிலவறைச் சுவருக்குள் வைத்துப் பூசியவன் நிம்மதியாக ஒரு கோப்பை ஊற்றிக்கொள்கிறான், அவன் முதுகுக்குப் பின்னால், ஈரம் காயாத சாந்துக்குள்ளிருந்து நான்கு விரல்கள் வெளியே வருகின்றன. நீங்கள் வேறு கதை வைத்துக்கொள்ளலாம். படத்தில் இருப்பவருக்குத் தெரியாத ஒன்று பார்ப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும், அது இருந்தால் போதும்.

படி 3: தாளும் கட்டமும்

அக்கால இதழ்கள் ஏறக்குறைய ஏழரை அங்குல அகலம், பத்தேகால் அங்குல உயரம். ஓவியர்கள் அதைவிடப் பெரிதாக வரைந்துவிட்டு அச்சில் சிறிதாக்குவார்கள். சிறிதாகும்போது கோடு இறுகும், கைநடுக்கம் மறையும். நாமும் ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்வோம்: 11.25க்கு 15.4 அங்குலம். ஏ3 தாளில் கச்சிதமாக அடங்கும். பிரிஸ்டல் போர்டு என்ற கெட்டியான வரைதாள் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் ஐவரி போர்டு. சாதாரண சார்ட் பேப்பரில் மை ஊறிப் பரவிவிடும்.

மேலிருந்து 4 அங்குலத்தைத் தலைப்புக்காக இப்போதே கோடு போட்டு ஒதுக்கிவிடுங்கள். ஈசி பாணி வேண்டுமென்றால் இடது ஓரத்தில் கதைசொல்லிகளின் முகம் வரும் சிறு வட்டங்களுக்கும் இடம் விடுங்கள். அங்கே கிரிப்ட் கீப்பர், வால்ட் கீப்பர், ஓல்ட் விட்ச் என்று மூவர் இருந்தார்கள். உங்கள் இதழுக்கு நீங்களே ஒருவரை உருவாக்குங்கள்.

அப்புறம் வேறொரு தாளில் தீப்பெட்டி அளவில் ஆறு கட்டங்கள் போட்டு, ஒரே காட்சியை ஆறு விதமாகக் கிறுக்குங்கள். முகம், விரல் எதுவும் வேண்டாம், வெறும் வடிவங்கள். என் காட்சியில் தேறியது இது: சுவர் வலது ஓரத்தில் நம் பக்கத்திலிருந்து உள்நோக்கி ஓடுகிறது. ஆள் நடுவில், இடப்பக்கம் பார்த்து, பக்கவாட்டு முகத்தோடு நிற்கிறான். லாந்தர் அவனுக்கு முன்னால் தரையில். விரல்கள் வலது கீழ்ப்பகுதியில், நமக்கு மிக அருகே, அவன் தலையைவிடப் பெரிதாக. தரையில் சாந்துச் சட்டியும் கொத்தனார் கரண்டியும். அவன் பிடரியிலிருந்து விரலுக்கு ஒரு சாய்கோடு இழுத்தால் அதன் வழியே கண் தானாக இறங்கும்.

படி 4: பென்சில்

எச்பி பென்சிலில் லேசாக வரையுங்கள். முகத்துக்கு ஒரு சுலப வழி இருக்கிறது. அறையை இருட்டாக்கி, கைபேசி டார்ச்சைத் தரையில் வைத்து, அதன் முன் நின்று யாரையாவது படமெடுக்கச் சொல்லுங்கள். மோவாயின் அடிப்பகுதி, மூக்கின் அடி, மேல் இமை என வழக்கமாக நிழலில் இருப்பவை எல்லாம் வெளிச்சமாகும். கன்னத்து எலும்புக்கு மேலே கறுப்பு ஏறும். சாதாரண முகம்கூட அப்போது குற்றவாளி முகமாகிவிடும். சிரிப்பைப் பெரிதாக்காதீர்கள். உதட்டின் ஒரு முனை ஏறினால் போதும்.

விரல்களுக்கு உங்கள் கையையே பாருங்கள். மேசை விளிம்பைப் பிடித்து இழுப்பது போல் வைத்துக்கொண்டால் முட்டிகள் புடைத்து, நகங்கள் கீழ்நோக்கித் தெரியும். நான்கும் வரிசையாக நிற்கக் கூடாது. ஒன்று முழுதாக வெளியே, ஒன்று பாதி, ஒன்றில் நகம் மட்டும். மோதிர விரலில் ஒரு மோதிரம் போடுங்கள், செத்தவன் யாரென்று அது சொல்லிவிடும். சுற்றிலும் சாந்து பிதுங்கி நிற்கட்டும்.

படி 5: கறுப்பை முடிவு செய்தல்

மை தொடும் முன், முழுக்கக் கறுப்பாகப் போகிற இடங்களில் சின்னதாகப் பெருக்கல் குறி போடுங்கள். காமிக்ஸ் ஓவியர்களின் பழைய பழக்கம் இது. படத்தில் ஏறக்குறைய பாதி கறுப்பாக வந்தால் பயப்பட வேண்டாம்.

என் படத்தில் லாந்தர் இடப்பக்கம் இருப்பதால் அவன் நிழல் வலப்பக்கச் சுவரில் பூதாகாரமாக விழுகிறது. அந்த நிழலின் விளிம்பில்தான் விரல்களை வைத்தேன். பின்னால் கனத்த கறுப்பு, முன்னால் வெளிச்சம் பட்ட வெள்ளை விரல்கள். மிக முக்கியமான பொருள் எதுவோ அதற்குப் பின்னால் மிக எதிரான தொனி, அதாவது வெளுப்புக்குப் பின்னால் கறுப்பு, இதை விட்டுவிட்டால் வேறு எந்த நுணுக்கமும் காப்பாற்றாது.

படி 6: மை

நீர் பட்டால் கரையாத கறுப்பு இந்தியன் இங்க், கூர்முனை உள்ள 3ஆம் எண் உருண்டை பிரஷ், சட்டைப் பொத்தான் போன்ற சிறு விஷயங்களுக்கு ஒரு நிப் பேனா. முதலில் உருவங்களின் வெளிக்கோடு, பிறகு கறுப்பு நிரப்புதல், கடைசியில் இரண்டுக்கும் நடுவே வரும் இறகுக் கோடுகள்.

இறகுக் கோடுதான் இந்தப் பாணியின் கையெழுத்து. கறுப்பின் விளிம்பில் பிரஷை அழுத்தி வைத்து, வெளிச்சத்தை நோக்கி இழுத்துக்கொண்டே அழுத்தத்தைக் குறைத்துத் தூக்குங்கள். தடித்துத் தொடங்கி ஊசியாய் முடிய வேண்டும். மணிக்கட்டை அசைக்காமல் முழங்கையிலிருந்து இழுத்தால் நேராக வரும். கோட்டின் திசை பொருளின் வளைவோடு போக வேண்டும். கன்னத்தில் வளைந்து, சட்டையின் மடிப்பில் நேராக இறங்கி, செங்கல்லில் குட்டையாக. தனித் தாளில் இரண்டு பக்கம் நிரப்பிப் பழகிவிட்டு வாருங்கள். மை நன்றாகக் காய்ந்த பிறகே ரப்பர்.

படி 7: தலைப்பு

தமிழ் எழுத்தில் இது தனி சுகம். ழ, ஞ, று போன்றவற்றின் வால்கள் இயல்பாகவே கீழே இழுத்துக்கொண்டு போகும், கொஞ்சம் நீட்டினால் போதும். எல்லா எழுத்தையும் சொட்டவிட்டால் படிக்க முடியாமல் போகும், ஒன்றிரண்டு மட்டும். தடித்த எழுத்து, வெளியே ஒரு கறுப்பு ஓரம், ஒரு பக்கம் சாய்ந்த நிழல். மூலையில் விலையும் இதழ் எண்ணும் போட்டுவிட்டால் சட்டென்று இதழ் மாதிரி ஆகிவிடும்.

படி 8: நிறம்

ஈசியின் நிறங்களுக்குப் பின்னால் இருந்தவர் மேரி செவரின். ஓவியத்தின் படியெடுத்த தாளில் அவர் சாய மையால் வண்ணம் தீட்டித் தருவார். அதைப் பார்த்து அச்சுத் தகடுகள் செய்வார்கள். உள்பக்கங்களில் சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றும் தலா நான்கு அளவில்தான் கிடைக்கும்: இல்லை, கால், அரை, முழுசு. நான்கை மூன்று முறை பெருக்கினால் 64 நிறம். அட்டைக்கு வழவழப்பான தாளும் நல்ல அச்சும் கிடைத்தாலும் நிறச் சிந்தனை அதே சிக்கனத்தில்தான் ஓடியது.

நாம் கணினியில் செய்வோம். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, கறுப்புக் கோட்டை மேல் லேயரில் மல்டிப்ளை முறையில் (வெள்ளை மறைந்து கோடு மட்டும் தெரியும்) வையுங்கள், கீழ் லேயரில் தட்டையாக நிறம். ஒரு நிறம் மெல்ல இன்னொன்றாகக் கரையும் கிரேடியன்ட் வேண்டாம். ஐந்து நிறம் போதும்: லாந்தரைச் சுற்றி மஞ்சள், அவன் முகத்தில் அதே மஞ்சளில் ஒரு துளி ஆரஞ்சு, சுவருக்கு ஊதா, விரல்களுக்கு வெளிறிய பச்சை, தலைப்புக்குச் சிவப்பு. தலைப்பைத் தவிர வேறெங்கும் சிவப்பு வேண்டாம், மோதிரக் கல் மட்டும் விதிவிலக்கு.

பழைய தோற்றத்துக்காக மடிப்பு, கறை, கிழிசல் எல்லாம் ஒட்ட வேண்டியதில்லை. அன்று கடையில் தொங்கிய இதழ் புத்தம்புதியது. வெள்ளையை லேசான பாலாடை நிறமாக்கினால் போதுமானது.

படி 9: தூரத்தில் வைத்துப் பார்த்தல்

ஏழரைக்குப் பத்தேகால் அளவில் ஒரு பிரதி எடுத்து, சுவரில் ஒட்டிவிட்டுப் பத்தடி தள்ளி நில்லுங்கள். பத்திரிகைக் கடையில் நூறு இதழ்களுக்கு நடுவே அது தெரிய வேண்டிய தூரம் அது. இந்தப் படத்தைப் பார்க்காத ஒருவரைக் கூப்பிட்டு, கண் முதலில் எங்கே போனது என்று மட்டும் கேளுங்கள். ஆள், அப்புறம் விரல் என்றால் சரி; ஆளைப் பார்த்து நிம்மதியான அடுத்த கணம் விரல் கண்ணில் படுகிறது. விரல்தான் முதலில் என்றால் அதன் பச்சையை ஒரு படி குறையுங்கள். விரல் தெரியவே இல்லை என்றால் அதன் பின்னால் மிச்சமிருக்கும் ஊதாவையும் எடுத்துவிட்டு முழுக் கறுப்பாக்கி, இன்னொரு பிரதி எடுத்து மறுபடி ஒட்டுங்கள்.