படர்தாமரைக்குக் கண்ட களிம்பைத் தடவாதீர்கள்

தோலில் வட்டமாக ஒரு சிவப்பு. ஓரம் மட்டும் சற்றுத் தடித்து, செதில் செதிலாக இருக்கிறது, நடுப்பகுதி தெளிந்து வருகிறது, அரிப்பு தாங்கவில்லை. இப்படி இருந்தால் பெரும்பாலும் அது படர்தாமரைதான். பூஞ்சையால் வருவது.

பலரும் செய்கிற தவறு, வீட்டில் கிடக்கும் ஏதோ ஒரு அரிப்புக் களிம்பை எடுத்துத் தடவுவது. அதில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு இருந்தால் இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பும் மங்கும். ஆனால் பூஞ்சை சாகாது. தோலின் எதிர்ப்பு குறைவதால் உள்ளுக்குள் இன்னும் பரவும். வட்ட வடிவமும் கலைந்துவிடுவதால் மருத்துவருக்கே அடையாளம் காண்பது சிரமமாகிவிடும். தயவுசெய்து குழாயில் அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயரைப் படித்துவிட்டுத் தடவுங்கள்.

குளோட்ரிமசோல், டெர்பினாஃபின் போன்ற பூஞ்சைக்கொல்லிக் களிம்புகள்தான் இதற்கு உதவும். புண்ணின் ஓரத்தைத் தாண்டி 2 செ.மீ. வரை தடவ வேண்டும். தோல் தெளிந்த மறுநாளே நிறுத்தினால் திரும்ப வரும். மருத்துவரோ மருந்தாளுநரோ சொன்ன நாள் கணக்கை முடியுங்கள்.

குளித்ததும் தொடை இடுக்கு, அக்குள், கால்விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள். துண்டு, சீப்பு, உள்ளாடை ஆளுக்கொன்றாக இருக்கட்டும். வீட்டில் இன்னொருவருக்கும் இருந்தால் இருவருக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை தேவை. பூனை, நாய்க்குட்டியிடமிருந்தும் தொற்றும்.

தலையிலோ நகத்திலோ வந்தால் பெரும்பாலும் களிம்பு போதாது, மாத்திரை தேவைப்படும். நீரிழிவு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதலிலேயே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.