ஈயம்: குழந்தை இருக்கும் வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

போன பொங்கலுக்கு முன் வீட்டுக்கு பெயிண்ட் அடித்தோம். ஜன்னல் கம்பிகளில் மேலுக்கு மேல் பூசிய பழைய பச்சை எனாமல். பெயிண்டர் உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்கப் பச்சைத் தூள் மாவுபோலத் தரையில் படிந்தது. பத்து மாத மகள் அதில் தவழ்ந்து வந்து, கீழே கிடந்த ரஸ்க்கை எடுத்து வாயில் வைத்துவிட்டாள். அன்றைக்கு நான் கவலைப்பட்டது பெயிண்ட் வாசனையைப் பற்றி! பயப்பட வேண்டியது அந்தத் தூளுக்கு.

வீட்டு பெயிண்டில் ஈயம், அதாவது மூளைக்கு ஆகாத காரீயம், 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில், அதுவும் மஞ்சள், பச்சை, சிவப்பு என்றால், ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பெயிண்டைச் சுரண்டுவதும், விழுந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்குவதும் தப்பு. தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். வேலை முடியும்வரை குழந்தையும் கர்ப்பிணியும் அந்த வீட்டில் இருக்க வேண்டாம். நம் உடம்புக்கு ஈயத்துக்கும் கால்சியத்துக்கும் வித்தியாசம் தெரியாது. எலும்பில் சேர்த்துவைக்கும், மூளைக்குள்ளும் விடும். வயிற்றுக்குள் போன ஈயத்தில் பெரியவர்கள் உடம்பு ஏற்பதைப்போல நான்கைந்து மடங்கு குழந்தை உடம்பு ஏற்கும்.

"நல்லாத்தானே ஓடியாடிட்டு இருக்கான்" என்று விட்டுவிடுவது அடுத்த தவறு. குறைந்த அளவு ஈயத்துக்குக் காய்ச்சலோ வாந்தியோ வராது. கவனம் நிற்காது, படிப்பில் பின்தங்கும். நாம் அதற்கு வால்தனம் என்று பெயர் வைப்போம். சென்னையில் 3 முதல் 7 வயதுக் குழந்தைகளிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், ரத்தத்தில் ஈயத்தின் சராசரி டெசிலிட்டருக்கு (100 மில்லி) 11.4 மைக்ரோகிராம். அமெரிக்காவில் இப்போது 3.5-ஐத் தொட்டாலே குழந்தையைக் கண்காணிக்கத் தொடங்குகிறார்கள். இவ்வளவு வரை பாதுகாப்பு என்று ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஈயச்சொம்பு ரசத்துக்கு வருவோம், இதில் குழப்பம் அதிகம். பாட்டி வைத்திருந்த ஈயச்சொம்பு வெள்ளீயம், அதாவது தகரம். மூளைக்கு ஆகாதது காரீயம். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று பரம்பரைச் சொம்பைப் பரணில் போடுபவர்களும் உண்டு, "பாரம்பரியம்" என்றதும் கண்ணை மூடிக்கொண்டு புதுச்சொம்பு வாங்குபவர்களும் உண்டு. காரீயம் விலை குறைவு என்பதால் கலப்புக்கு இடம் இருக்கிறது. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. புளிக்கரைசலோ கலந்த காரீயத்தைக் கரைத்து இழுக்கும். சோதித்த சான்று இல்லாத சொம்பில் குழந்தைக்கு ரசம் வைக்காதீர்கள். ருசி போகும்தான், என்ன செய்வது.

மஞ்சள்தூளில் கலப்படம் என்று பயந்து விரலி மஞ்சள் வாங்கி மில்லில் அரைப்பவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் பங்களாதேஷில் பளீர் மஞ்சள் நிறம் தரும் ஈயக் குரோமேட்டைப் பூசியதே விரலியின் மேல்தான். அங்கே கெடுபிடி வந்த பிறகு, 2019-இல் 47 சதவீத மாதிரிகளில் இருந்த ஈயம் 2021-இல் பூஜ்யமானது. கடையில் பளீரென்று மின்னும் விரலியை விட்டுவிட்டு மங்கலானதை எடுங்கள். சுர்மா என்ற கண்மைப் பொடியைக் குழந்தைக் கண்ணில் தீட்டவே வேண்டாம். பலவற்றில் இருப்பது காரீய சல்பைடு.

பேட்டரி கடையிலோ சால்டரிங் வேலையிலோ இருக்கும் அப்பா, ஈயத்தூசி படிந்த வேலைச் சட்டையோடு குழந்தையைத் தூக்கக் கூடாது. குளித்து மாற்றிய பிறகு தூக்கட்டும். அந்தச் சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

கடைசியாக, உடம்பின் நஞ்சை இறக்கும் என்று சொல்லப்படும் "டீடாக்ஸ்" கஷாயங்கள். ஈயத்தை ரத்தத்திலிருந்து இறக்கும் மருந்து உண்டு, அளவு மிக அதிகமானால் டாக்டர் கொடுப்பார். ஆனால் 2001-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் அந்த மருந்து ரத்தத்தில் ஈயத்தைக் குறைத்தும் குழந்தைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் உயரவில்லை. முருங்கைக்கீரையும் உள்ளே போன ஈயத்தை வெளியே தள்ளாது. இரும்புச்சத்து குறைந்த உடம்பு ஈயத்தைக் கூடுதலாக இழுக்கும் என்பதால் கீரை கொடுப்பது நல்லது, அவ்வளவே. சந்தேகம் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் ரத்தத்தில் ஈய அளவு பார்க்கக் கேளுங்கள். விரல்நுனியில் குத்தி எடுத்ததில் அதிகமாகக் காட்டினால், நரம்பிலிருந்து எடுத்து ஒருமுறை உறுதிசெய்யச் சொல்லுங்கள். கையில் ஒட்டிய தூசியே கணக்கை ஏற்றிவிடும்.