வாடகை வீட்டில் துப்பாக்கிப் பெட்டகம்: என் அனுபவம்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், இலக்குச் சுடும் விளையாட்டுக்காக உரிமம் பெற்ற .22 ரைஃபிள் ஒன்றை வைத்திருக்கிறேன். அம்மாநிலத்தின் 1996ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, காலிப் பெட்டகத்தின் எடை 150 கிலோவுக்குக் குறைவாக இருந்தால், எளிதில் தூக்கிச் செல்ல முடியாதபடி அதைப் பொருத்தியாக வேண்டும். என்னிடம் இருந்ததோ 60 கிலோ எஃகுப் பெட்டகம். துளைகளை அடைத்துத் தருவதாக எழுதிக் கொடுத்தும் வீட்டு உரிமையாளர் சுவரைத் தொடச் சம்மதிக்கவில்லை. அவருடைய கவலையும் நியாயமானதே. சட்டத்தின் அதே வரியை மீண்டும் படித்தபோதுதான் வழி புலப்பட்டது: 170 கிலோ பெட்டகம் ஒன்றை வாங்கி, நான்கு பேர் சேர்ந்து மெல்ல நகர்த்தி, தரைத்தளத்துக் காங்கிரீட் தளத்தின் மேல், மூலையில் சுவரோடு ஒட்டி நிறுத்தினோம். தோட்டாக்கள் தனிப் பூட்டுள்ள இரும்புப் பெட்டிக்கு மாறின. சாவிகள் என்னிடம் மட்டுமே இருக்கின்றன. என் சிறு மகளுக்கு அவை இருக்கும் இடம்கூடத் தெரியாது. சோதனைக்கு வந்த காவலர், எடை பொறித்த தகட்டைப் படித்து, பெட்டகத்தை இரு கைகளாலும் அசைத்துப் பார்த்த பின் சரியென்று குறித்துக்கொண்டார்.