பண்டி விலா பாபிகியூ: முதலில் அவியட்டும், தணல் பிறகு

பண்டி விலாவைப் பச்சையாகவே தணலில் போட்டு, சோஸைப் பூசிப் பூசித் திருப்பிக்கொண்டு நின்றால் என்ன வரும் என்று வளவுக்குள் பாபிகியூ போட்டுப் பார்த்த எல்லாருக்கும் தெரியும். வெளியே கருகல், உள்ளே இழுவை, பல்லுக்கும் எலும்புக்கும் இடையில் ஒரு சண்டை. அடுத்த நாள் பழி இறைச்சிக்கடைக்காரர் தலையில் விழும், கிழட்டுப் பண்டியைத் தந்து ஏமாற்றிவிட்டார் என்று. பெரும்பாலும் பண்டியில் பிழை இல்லை. மூடி வைத்து இரண்டு, இரண்டரை மணித்தியாலம் மெதுவாக அவியவிட்டு, கடைசி இருபது நிமிடம் மட்டும் தணலுக்குக் காட்டினால் அதே பண்டியின் அதே விலா இறைச்சி எலும்பிலிருந்து சுகமாகக் கழன்று வரும்.

ஏன் இவ்வளவு நேரம்? விலாவின் இறைச்சி பண்டி மூச்சு விடும்போதெல்லாம் அசைந்துகொண்டே இருக்கும் தசை. அதைச் சுற்றியும் ஊடாகவும் கொலாஜன் என்ற நார்ப்பொருள் நிறைய உண்டு. இறைச்சியின் உட்சூடு 70 பாகை செல்சியஸைத் தாண்டிய பிறகுதான் அந்த நார் ஒழுங்காகக் கரைந்து ஜெலட்டினாக மாறத் தொடங்கும், அதுவும் ஆறுதலாகத்தான். பண்டித் துண்டு ஒன்று 63 பாகையில் சில நிமிடம் நின்றாலே சாப்பிடப் பாதுகாப்பானதுதான், ஆனால் விலா அந்த நிலையில் சப்பச் சப்பத் தீராது. 90 முதல் 95 பாகை வரை போய் அங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். பெரிய நெருப்பு வைத்து அவசரப்படுத்தினால் நார் கரைவதற்கு முன்னமே மேல் தசை காய்ந்து போகும்.

சரி, கடைக்கு வருவோம். இங்கே யாழ்ப்பாணத்தில் பண்டி வாங்கப் போனால் கேட்கும் முன்னமே கத்தி விழத் தொடங்கிவிடும், ஏனென்றால் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கறிக்குத்தான் வருகிறார்கள். குருநகர், பாசையூர், இளவாலைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு சனம் கூடிவிட்டால் நீங்கள் விளக்கம் சொல்ல இடமே இராது. ஆகவே முதல் நாளே சொல்லி வையுங்கள்: "அண்ணை, விலாவைக் கொத்த வேண்டாம், அப்பிடியே பலகையாத் தாங்கோ. தோலை மட்டும் எடுத்துவிடுங்கோ." முதுகுப் பக்கத்து விலா சின்னது, வளைவு கூட, கெதியில் அவியும். வயிற்றுப் பக்கத்து விலா தட்டையானது, கொழுப்பும் நாரும் கூட, நேரம் எடுக்கும், ஆனால் ருசி என்றால் அதில்தான். கொழுப்புக்குப் பயந்து அதை ஒதுக்கிவிடாதீர்கள். எலும்பு தெரியும் அளவுக்கு இறைச்சியை வழித்தெடுத்த பலகையைத் தந்தால் வாங்க வேண்டாம், அதைச் சூப்புக்குத்தான் போடலாம். ஒரு விரல் மொத்தத்துக்காவது இறைச்சி இருக்க வேண்டும். நாலைந்து பேருக்கு இரண்டு கிலோ அளவாக இருக்கும், எலும்பும் சேர்ந்த நிறை என்பதால் அது பார்க்கிற அளவுக்குப் பெரிதில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பலகையைக் கவிழ்த்து எலும்புப் பக்கத்தைப் பாருங்கள். மினுமினுப்பாக, மெல்லிய பொலித்தீன் ஒட்டியிருப்பது போல ஒரு சவ்வு தெரியும். எவ்வளவு நேரம் அவித்தாலும் அது இளகாது, உப்பும் தூளும் உள்ளே போகவும் விடாது. ஓரத்து எலும்பில் தேக்கரண்டியின் காம்பை விட்டு நெம்பி, ஒரு விரல் போகும் அளவுக்கு இடம் எடுங்கள். பிறகு அந்த நுனியைப் பழைய துணியால் பிடித்து, வெறுங்கை என்றால் வழுக்கும், மற்றப் பக்கம் நோக்கி ஒரே இழுவையாக இழுத்தால் சர்ரென்று முழுதாகவே வந்துவிடும். இடையில் கிழிந்தால் கிழிந்த இடத்திலிருந்து திரும்ப. ஐந்து நிமிட வேலை, பஞ்சிப்பட்டு விடுகிறவர்கள்தான் கூட. மேற்பக்கம் கொழுப்பு தடிப்பாக இருந்தால் ஒரு மெல்லிய படை மிஞ்சும் அளவுக்குச் சீவிவிடுங்கள்.

பப்பாசிக்காய் பற்றி ஒரு வார்த்தை. இறைச்சியை மெதுவாக்கப் பப்பாசிக்காயை அரைத்துப் பூசுவது எங்கள் ஊர்ப் பழக்கம், மாட்டிறைச்சிக்கு அது கை கொடுக்கும். விலாவுக்கு வேண்டாம் என்பேன். பப்பாசிப் பாலில் உள்ள நொதியம் மேற்பரப்பைத்தான் பிடிக்கும், இரவு முழுக்க விட்டால் மேலே களியாகிவிடும், உள்ளே எலும்போரத்து நார் இருந்தபடியே இருக்கும்.

மேலே பூசுவதற்கு எங்கள் வீட்டு வறுத்த கறித்தூளே போதும். கொத்தமல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், செத்தல், கறிவேப்பிலை என்று எல்லாம் ஏற்கெனவே அதில் வறுபட்டு இருக்கும்போது வெளிநாட்டுத் தூள் போத்தலுக்குக் காசு கொட்டத் தேவையில்லை. இரண்டு கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டியும் ஒரு தேக்கரண்டியும் உப்பு, இரண்டு மேசைக்கரண்டி கறித்தூள், ஒரு தேக்கரண்டி புதிதாய் இடித்த மிளகு, ஒரு முழு உள்ளியும் இரண்டு விரல் இஞ்சியும் அரைத்த விழுது. எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் நன்றாகத் தேய்த்து, மூடி, ஃபிரிஜ்ஜில் இரவு முழுக்க வையுங்கள். நேரமில்லை என்றால் இரண்டு மணித்தியாலம். உப்பு உள்ளே இறங்கத்தான் அந்த நேரம், தூள் என்னவோ மேலேயேதான் நிற்கும். இன்னொன்று, வறுத்த தூள் நேரே நெருப்பில் பட்டால் கண் மூடித் திறக்கும் முன் கருகிக் கசக்கும். முதலில் மூடி அவிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி அவிப்பது. ஓவன் இருக்கிறவர்களுக்கு வேலை சுகம். தட்டில் எலும்புப் பக்கம் கீழே இருக்க விலாவை வைத்து, கால் கோப்பை தண்ணீரோடு ஒரு மேசைக்கரண்டி வினாகிரி கலந்து தட்டின் ஓரத்தால் ஊற்றி (இறைச்சியின் மேல் ஊற்றினால் பூசிய தூள் கழுவுப்படும்), அலுமினியத் தாளால் ஆவி வெளியே போகாதபடி இறுக்கி மூடி, 150 பாகையில் இரண்டு மணித்தியாலம் விடுங்கள். வயிற்றுப் பக்கத்து விலா என்றால் இரண்டரை. வினாகிரிக்குப் பதில் புளித்த பனங்கள்ளு ஊற்றுகிறவர்களும் உண்டு, பருவத்தில் கிடைத்தால் ஊற்றிப் பாருங்கள், அந்த மணம் வேறு.

ஓவன் இல்லை, அல்லது குசினிக்குள் பண்டி ஏறாத வீடு. யாழ்ப்பாணத்தில் இது பெரிய கூட்டம், பின் வளவில் மூன்று கல்லு வைத்துத் தனிச் சட்டியில் சமைத்து அங்கேயே கழுவிக் கவிழ்த்துவிடுகிறவர்கள். அவர்களுக்கும் இது சரிவரும். பெரிய சருவத்தின் அடியில் இரண்டு சிரட்டையைக் கவிழ்த்து வைத்து, சிரட்டை மூழ்காத அளவுக்குத் தண்ணீர் விட்டு, அதன் மேல் ஒரு தட்டு, தட்டின் மேல் அலுமினியத் தாளில் சுற்றிய விலா. பலகை சருவத்துக்குள் கொள்ளாவிட்டால் மூன்று நான்கு எலும்பு சேர்ந்த துண்டுகளாக வெட்டுங்கள், தனித்தனி எலும்பாக மட்டும் வெட்ட வேண்டாம், காய்ந்துவிடும். பாரமான மூடியால் மூடி, தண்ணீர் கொதித்ததும் விறகை இழுத்துத் தீயைக் குறைத்து இரண்டரை மணித்தியாலம் ஆவியில் விடுங்கள். அரை மணிக்கு ஒருதரம் தண்ணீரைப் பாருங்கள், வற்றினால் சுடுதண்ணீர் விடுங்கள், பச்சைத் தண்ணீர் விட்டால் ஆவி படுத்துவிடும்.

பிரஷர் குக்கரிலும் செய்யலாம், ஒரு கோப்பை தண்ணீரோடு, ஆவி வந்த பிறகு சின்ன நெருப்பில் இருபது இருபத்தைந்து நிமிடம், பிறகு தானாக அடங்கும்வரை திறக்கக் கூடாது. இறைச்சி பதமாக வரும், ருசி ஒரு படி குறைவு. ஆனால் தண்ணீரில் முழுக்கப் போட்டுக் கொதிக்க வைப்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ருசி முழுக்கத் தண்ணீருக்குப் போய்விடும், அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு வெறும் சக்கையில் சோஸ் பூசி என்ன பிரயோசனம்?

அவிந்ததா என்று பார்க்க மணிக்கூட்டை நம்ப வேண்டாம். ஒரு ஈர்க்கை எடுத்து இரண்டு எலும்புக்கு நடுவில் குத்துங்கள். தடையில்லாமல் இறங்கி, அதே மாதிரி வெளியே வர வேண்டும். எலும்பு நுனிகளில் இறைச்சி ஒரு சென்டிமீற்றர் அளவுக்குப் பின்வாங்கி எலும்பு வெளியே தெரியும். பலகையின் ஒரு முனையை இடுக்கியால் பிடித்துத் தூக்கினால் நடுவில் வளைந்து மேலே லேசாக வெடிக்கும். அதுதான் பதம். தூக்கும்போதே எலும்பு கழன்று விழுந்தால் கொஞ்சம் கூடிவிட்டது, சாப்பிட நல்லாய்த்தான் இருக்கும், ஆனால் தணலில் வைத்துத் திருப்ப முடியாது. அப்படி ஆனால் தட்டோடு ஓவனில் மேல் சூட்டைக் காட்டி எடுங்கள்.

அவிகிற நேரத்தில் சோஸ் வேலையைப் பாருங்கள். போத்தல் பாபிகியூ சோஸில் இருப்பது ஒரு இனிப்பு, ஒரு புளிப்பு, ஒரு உறைப்பு, கொஞ்சம் புகை. நான்கும் இங்கேயே கிடைக்கும். 150 கிராம் பனங்கட்டியை அரைக் கோப்பை சுடுதண்ணீரில் கரைத்து வடித்துவிடுங்கள், பனங்கட்டி வரும் ஓலைக் குட்டானின் துணுக்கும் சில வேளை மண்ணும் அடியில் நிற்கும். ஒரு தேசிக்காய் அளவு பழப்புளியைக் கெட்டியாகக் கரைத்து வடித்து அதில் சேர்த்து, அரைக் கோப்பை தக்காளி சோஸ், இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி, ஒரு தேக்கரண்டி கறித்தூள், நாலு பல்லு உள்ளி நசுக்கியது, ஒரு சிட்டிகை உப்பு. மெல்லிய நெருப்பில் கிண்டிக் கிண்டி, கரண்டியின் பின்பக்கத்தில் ஒட்டி நிற்கும் பதம் வரும்வரை வற்றவிடுங்கள். சிவப்புச் சீனியோ வெள்ளைச் சீனியோ போட்டாலும் இனிக்கும், ஆனால் பனங்கட்டியில் இருக்கும் அந்தக் கருகல் சேர்ந்த இனிப்பு பண்டிக் கொழுப்போடு சேரும்போது வேறு ஒன்றும் அதற்குக் கிட்ட வராது. விலாத் தட்டில் ஊறி நிற்கும் சாறில் மேல் எண்ணெயை எடுத்துவிட்டு இரண்டு மூன்று கரண்டி இதற்குள் விடுங்கள்.

தணலுக்குச் சிரட்டைக் கரிதான் என் தெரிவு. சூடு நன்றாய் நிற்கும், புகை குறைவு. பச்சைச் சிரட்டையை எரித்தும் தணல் எடுக்கலாம், ஆனால் அது பிடித்த கையோடு எண்ணெய்ப் புகை கக்கும், சுவாலை முழுக்க அடங்கிச் சாம்பல் பூக்கும்வரை இறைச்சியைக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். பற்ற வைக்கக் காய்ந்த பன்னாடையும் பாளையும் போதும். மண்ணெண்ணெய் ஊற்றினால் அந்த மணம் கடைசிக் கடி வரைக்கும் வரும். புகை மணம் வேண்டும் என்றால் காய்ந்த கொய்யாக் கொப்பு இரண்டைத் தணலின் ஓரத்தில் வையுங்கள். வேலியோரம் கிடக்கிறதே என்று அலரிக் கொப்பை மட்டும் எடுத்துவிடாதீர்கள், எரிப்பதற்கும் வேண்டாம், குத்திச் சுடும் குச்சியாகவும் வேண்டாம், அதன் கொட்டை மட்டுமல்ல மரம் முழுக்கவே நஞ்சு, புகையும் சேர்த்து. அதே போல ஹாட்வெயாரில் வாங்கிய கல்வனைஸ் வலையை அடுப்பு மேல் வைக்க வேண்டாம், சூடு கூடினால் அதில் பூசிய நாகம் (சிங்க்) என்ற உலோகம் புகையாகும். எவர்சில்வர் வலை, இல்லாவிட்டால் பூச்சு இல்லாத வெறும் இரும்புக் கம்பி.

சோளகம் வீசும் மாதங்களில் இடம் பார்த்து அடுப்பு வையுங்கள். காற்று நேரே அடித்தால் தணல் ஒரு பக்கம் வெள்ளையாய் எரிந்து தீர, மற்றப் பக்கம் கறுப்பாகவே கிடக்கும். மதிலுக்கு மறைவாக வைத்தால் சூடு ஒரே சீராக நிற்கும், பக்கத்தில் ஓலை வேலியோ கிடுகுக் கொட்டிலோ இருந்தால் இன்னும் தள்ளிப் போங்கள், ஒரு பொறி போதும். காற்றின் திசையில் பக்கத்து வீடு இருக்கிறதா என்றும் பாருங்கள். நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழாக் கொடி ஏறிய 25 நாளும் ஊரில் எத்தனையோ வீடுகளில் மச்ச மாமிசம் இல்லை, அந்த நேரம் பண்டி மணத்தை அவர்கள் முற்றத்துக்கு அனுப்பிவிட்டு அடுத்த நாள் முகத்தைப் பார்க்க ஏலாது.

தணலை ஒரு பக்கமாக ஒதுக்கி, விலாவை மற்றப் பக்கம் வைத்துப் பத்து நிமிடம் மேலீரம் காயவிடுங்கள். மூடி இல்லாவிட்டால் ஒரு பழைய தாச்சியைக் கவிழ்த்து மூடலாம். பிறகுதான் சோஸ். மெல்லியதாக ஒரு பூச்சு, இரண்டு மூன்று நிமிடம், திருப்பி மற்றப் பக்கம் ஒரு பூச்சு, இப்படி மூன்று தரம். பனங்கட்டி நெருப்புக்கு நேர் மேலே கெதியில் கருகும் சாமான், ஆகவே மூன்றாம் பூச்சு காய்ந்து பசை பிடித்த பிறகு மட்டும் நேரே தணலுக்கு மேல் இழுத்து ஒரு பக்கத்துக்கு அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் போனை எடுக்கக் கூடாது. ஓரங்கள் கருஞ்சிவப்பாகிக் கொழுப்பு சிறு குமிழாய்ப் பொரியும்போது தூக்கிவிடுங்கள்.

பத்து நிமிடம் ஆறவிட்டு, எலும்புப் பக்கம் மேலே வைத்து, எலும்புகளுக்கு இடையில் வெட்டுங்கள், அந்தப் பக்கம்தான் எலும்பு எங்கே என்று தெரியும். தேசிக்காய்ப் புளி விட்ட வெங்காயச் சம்பலும் சூடான றோஸ் பாணும் போதும், அவித்த மரவள்ளிக்கிழங்கு என்றாலும் சோக்காய் இருக்கும். சோறு வேண்டாம், சோற்றோடு வைத்தால் எல்லாரும் குழம்பு கேட்பார்கள்.

மிஞ்சினால் சோஸோடு அலுமினியத் தாளில் சுற்றி ஃபிரிஜ்ஜில் வைத்து, அடுத்த நாள் அதே பொதியை நீத்துப்பெட்டி வைக்கும் பானையில் பதினைந்து நிமிடம் ஆவி காட்டுங்கள். மைக்ரோவேவில் சூடாக்கினால் ஓரம் காய்ந்து போகும்.