அரசு பர்ச்சேஸ் கார்டுக்கு விற்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

அமெரிக்காவில் சின்னதாகத் தொழில் செய்யும் நம்மவர்களிடம் "அரசாங்கத்துக்கு விற்கலாமே" என்றால், "அந்த டெண்டர் தலைவலி யாருக்கு வேண்டும்" என்பார்கள். டெண்டரே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. மத்திய அரசு அலுவலகங்களில் சில ஊழியர்களிடம் பர்ச்சேஸ் கார்டு இருக்கும்; அலுவலகத்துக்குப் பொருள் வாங்க அரசு தரும் கிரெடிட் கார்டு அது. ஸ்மார்ட்பே என்ற திட்டத்தில் 1998 முதல் கொடுத்து வருகிறார்கள். மைக்ரோ பர்ச்சேஸ் (சிறு கொள்முதல்) வரம்புக்குள் வரும் கொள்முதல் என்றால், விலை நியாயமாக இருந்தால் போதும். மூன்று கொட்டேஷன் வாங்காமலே அவர் கார்டைத் தேய்க்கலாம். பல ஆண்டுகளாக 10,000 டாலராக இருந்த வரம்பு, 2025 அக்டோபர் 1 முதல் 15,000 ஆகிவிட்டது.

இந்த 15,000 எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. அலுவலகத்தைச் சுத்தம் செய்வது போன்ற, ஊதியச் சட்டத்துக்கு உட்பட்ட சேவைகளுக்கு 2,500தான். கட்டுமான வேலைக்கு 2,000. அந்த ஊழியரின் கார்டுக்கென்று இதைவிடக் குறைந்த வரம்பும் இருக்கலாம். விலை சொல்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது, பில்லைப் பிரிப்பது. இதைத்தான் பெரிய தவறு என்பேன். 18,000 டாலருக்கு நாற்காலி கேட்கிறார்கள். "ஒன்பது ஒன்பதாக இரண்டு பில் போட்டுத் தரட்டுமா?" என்று நல்லெண்ணத்தில் கேட்டுவிடுவோம். தேவை ஒன்று என்றால் அதை வரம்புக்காகப் பிரிக்கக்கூடாது என்பது விதி. தணிக்கையில் முதலில் தேடுவதும் இதையே: ஒரே கடை, அடுத்தடுத்த நாள், ஒரே பொருள். மாட்டிக்கொள்பவர் கார்டை வைத்திருக்கும் அந்த ஊழியர். கார்டு போகலாம், வேலையே போகலாம். அதனால், "இதை உங்கள் ஒப்பந்தப் பிரிவுக்கு அனுப்புங்கள், நான் அங்கே விலை தருகிறேன்" என்று சொல்லுங்கள். இதில் உங்களுக்கு நஷ்டமும் இல்லை. வரம்பைத் தாண்டி 3,50,000 டாலர் வரையிலான கொள்முதலைப் பொதுவாகச் சிறு நிறுவனங்களுக்கென்றே ஒதுக்க வேண்டும். வரம்புக்குக் கீழே அந்த ஒதுக்கீடு கிடையாது, பெரிய கடைகளோடுதான் போட்டி.

அப்புறம், விற்பனை வரி. என் முதல் அரசு ஆர்டர் பன்னிரண்டு பிரிண்டர் டோனர். மெஷினில் வரி தானாகச் சேர்ந்துகொண்டது, நான் கவனிக்கவில்லை. கார்டில் வாங்கிய அந்த அலுவலகத்து அம்மா மூன்று முறை போன் செய்தார். அறுபது டாலர்தானே, அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்ளலாம் என்றேன். அவருக்கு அது முடியாது. மாதக் கடைசியில் ஸ்டேட்மென்ட்டின் ஒவ்வொரு வரியையும் ரசீதோடு ஒப்பிட்டு, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பர்ச்சேஸ் கார்டில் மத்திய அரசு மாநில விற்பனை வரி கட்டுவதில்லை. அதன் பிறகு ஆர்டர் வந்ததும் வரியை எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை. ரசீதில் பொருளின் பெயர், எண்ணிக்கை, ஒன்றின் விலை, தேதி எல்லாம் எழுதுவேன். "பல பொருள்கள்: 740 டாலர்" என்று ஒரே வரியில் கொடுத்தால் அவரால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இதேபோல, பொருளை அனுப்பும் முன் கார்டில் பணம் எடுக்காதீர்கள்.

சாம் என்ற அரசுப் பதிவேட்டில் பதிந்து தருகிறோம் என்று பணம் கேட்டு அழைப்புகள் வரும். கொடுக்காதீர்கள். அந்தப் பதிவு இலவசம், கார்டு வழிச் சிறு விற்பனைக்கு அது தேவையும் இல்லை.

ஆனால் ஒரு படிவம் வரும், அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. அமெரிக்க அரசு தடை செய்திருக்கும் சீனக் கம்பெனிகளான ஹுவாவே, இசட்.டி.ஈ., ஹிக்விஷன், டாஹுவா, ஹைடெரா ஆகியவற்றின் சாதனங்கள் பற்றிய உறுதிமொழி அது. விற்கும் பொருளோடு நிற்பதில்லை; உங்கள் நிறுவனம் என்ன பயன்படுத்துகிறது என்பதையும் 2020 ஆகஸ்ட் முதல் கேட்கிறார்கள். கடை வாசலில் இருக்கும் கேமரா எந்தக் கம்பெனி என்று ஏணி போட்டு ஏறியாவது பாருங்கள்.

பேனா, நோட்டு விற்பவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். பார்வையற்றோரும் மாற்றுத்திறனாளிகளும் தயாரிக்கும் ஸ்கில்கிராஃப்ட் போன்ற பொருள்கள் அரசின் கட்டாயக் கொள்முதல் பட்டியலில் இருந்தால், ஊழியர் அவற்றைத்தான் முதலில் வாங்கியாக வேண்டும். அங்கே விலையைக் குறைத்துப் பயனில்லை. அந்தப் பட்டியலில் இல்லாத பொருளைக் கொண்டுபோங்கள்.

நிதியாண்டு செப்டம்பர் 30 அன்று முடிகிறது. மீதிப் பணத்தைச் செலவழிக்கும் அவசரம் அப்போதுதான் என்று 25ஆம் தேதி போய் நிற்பவர்கள் பலர். அந்த வாரத்தில் யாருக்கும் புது முகத்தைப் பார்க்க நேரமிருக்காது. ஜூலையிலேயே ஒரு பக்க விலைப்பட்டியலோடு போய்ப் பாருங்கள். பரிசு எதுவும் வேண்டாம். ஒருவரிடமிருந்து ஒரு தடவைக்கு 20 டாலர், ஆண்டுக்கு 50 டாலர் என்று அவர்கள் பரிசு வாங்க உச்சவரம்பு உண்டு. வெறுங்கையோடு போனால் அந்தக் கணக்கே வராது.