ராமேஸ்வரம், தனுஷ்கோடி: மதுரையிலிருந்து இரண்டு இரவுப் பயணம்

மதுரையில் உறவினர் வீட்டில் இறங்கியவர்கள் ராமேஸ்வரத்தை ஒரே நாளில் முடித்துவிடப் பார்க்கிறார்கள். விடியற்காலை 4 மணிக்கு வேன் ஏறினால் 8 மணிக்குக் கடலில் முழுக்கு, மதியத்துக்குள் சாமி, மாலையில் தனுஷ்கோடி, இரவு வீட்டில் சாப்பாடு என்று கணக்குப் போடுவார்கள். கணக்கு இரண்டு இடத்தில் உதைக்கும். கோயில் நடை மதியம் 1 மணி வாக்கில் சாத்தி 3 மணிக்குத்தான் திறக்கும். கோயில் கிணறுகளில் நீராடும் தீர்த்த வரிசையில் தாமதமானால் தரிசனம் மாலைக்குப் போய்விடும். தனுஷ்கோடிக்கோ மாலை 5 மணிக்குப் பிறகு சோதனைச் சாவடியில் பொதுவாக வண்டியை உள்ளே விடுவதில்லை. ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவும். அதனால் இரண்டு இரவு ஒதுக்குங்கள். ஒரு காலை கோயிலுக்கு, இன்னொரு காலை தனுஷ்கோடிக்கு.

எந்த மாதம் என்பதையும் முதலில் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வருவோருக்குப் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்டிலும் டிசம்பரிலும்தான் கிடைக்கிறது; இரண்டுமே இந்தத் தீவுக்கு நல்ல காலம் இல்லை. ஜூலை, ஆகஸ்டில் காற்று மணலை வாரி இறைக்கும், தென்கடல் கொந்தளிக்கும், நடுவில் ஆடி அமாவாசை வரும். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழையும் புயல் எச்சரிக்கையும் இருக்கும். ஐயப்ப பக்தர்கள் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். பொங்கல் முடிந்து மார்ச் நடுப்பகுதி வரைதான் உகந்த காலம். அந்த மாதங்களில் கோதண்டராமர் கோயிலைச் சுற்றியுள்ள நீர்ப்பரப்பில் பூநாரைகளும் இறங்கியிருக்கும். முன்னோர் கடனுக்காக வருபவர்களைத் தவிர மற்றவர்கள் தை, ஆடி, மகாளய அமாவாசைகளுக்கு முந்தைய நாளையும் அமாவாசை நாளையும் தவிர்ப்பது நல்லது. அன்று அறையும் கிடைக்காது, கிடைத்தாலும் கேட்கிற வாடகைதான்.

மதுரையிலிருந்து தூரம் சுமார் 170 கிலோமீட்டர். காரில் மூன்றரை மணி நேரம் போட்டுக்கொள்ளுங்கள். மதுரை மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்திலிருந்து அரசுப் பேருந்துகள் உண்டு. நான்கு மணி நேரம் ஆகும், வயதானவர்களோடு வந்தால் வேண்டாம். ரயிலில் போக விரும்பினால் பாம்பன் புதிய பாலத்தைக் கடக்கும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே போகலாம். 1914இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். அதன் பக்கத்திலேயே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6இல் திறக்கப்பட்டது. பழைய பாலம் கப்பலுக்கு வழிவிட இரண்டு கைகளாகப் பிரிந்து மேலே எழும். புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் போல 17 மீட்டர் நேராக உயரும். கடல்காற்று வரம்பை மீறினால் ரயிலைப் பாலத்தில் விடமாட்டார்கள். ஆகவே திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாள் இரவுக்குள் மதுரை வந்துசேரும்படி பயணத்தை அமையுங்கள். விமான நாளன்று காலை ரயிலை நம்ப வேண்டாம்.

காரில் போகிறவர்கள் காலை 10 மணிக்குக் கிளம்பினால் போதும். சிலைமானைத் தாண்டியதும் கீழடி. அருங்காட்சியகத்துக்கு ஒன்றரை மணி நேரம் கொடுங்கள். எழுத்துப் பொறித்த பானை ஓடுகளைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். மதியச் சாப்பாட்டைப் பரமக்குடியில் முடித்துக்கொள்ளலாம். கடம் வாசிப்பவர் யாராவது வீட்டில் இருந்தால் நடுவில் கடம் செய்யும் மானாமதுரையில் நிறுத்துங்கள். ஆனால் கடத்தை விமானத்தில் கொண்டுபோவது தனிப் பாடு.

பாம்பனுக்கு முன்னால் மண்டபம். நூற்றாண்டுக்கு முன் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்த முகாம் இங்கேதான் இருந்தது. மலையகத்தில் வேர் உள்ள குடும்பங்களுக்கு இந்தப் பெயர் பாட்டி வாயிலிருந்து வந்திருக்கும். இப்போது அங்கே அகதிகள் முகாம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் உள்ளே போகவும் படம் எடுக்கவும் கூடாது. ஊர்ப்பெயர்ப் பலகையோடு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

சாலைப் பாலம் 1988இல் திறந்தது. அதன் நடுவில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பது எல்லாரும் செய்கிற தப்பு. பாலம் குறுகல், பின்னால் வரும் பேருந்துக்கு இடம் இருக்காது, போலீஸும் விரட்டுவார்கள். மறுகரையில் பாம்பனில் இறங்கி, குந்துகால் பக்கம் போனால் நிதானமாகக் கடல் பார்க்கலாம். சிகாகோ சென்று திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26இல் இலங்கையிலிருந்து வந்து கரையேறிய இடம் அது.

அறை எடுக்கும்போது வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் அசல் கடவுச்சீட்டையும் விசாவையும் அல்லது ஓசிஐ அட்டையையும் கையில் வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்; ‘சி’ படிவம் என்று சொல்லிப் பழகியது இதைத்தான். சின்ன லாட்ஜ்கள் இந்த வேலைக்குப் பயந்தே ‘ரூம் இல்லை’ என்பார்கள். முன்பதிவு செய்யும்போதே தொலைபேசியில் ‘வெளிநாட்டு பாஸ்போர்ட், சி ஃபாரம் போடுவீங்களா?’ என்று கேட்டுவிடுங்கள். ட்ரோன், சேட்டிலைட் போன் இரண்டையும் பையில் கொண்டுவராதீர்கள். உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருக்கிறது, கரை முழுக்கக் கண்காணிப்பு. அனுமதியில்லாத சேட்டிலைட் போன் இந்தியாவில் கைது வரை போகும்.

கோயில் காலை

ஸ்படிக லிங்க தரிசனம் காலை 5 மணியிலிருந்து 6 மணி வரை. அதற்கு உலர்ந்த ஆடையில் போக வேண்டும். தீர்த்தமாட ஈர ஆடையில் போக வேண்டும். இரண்டையும் கலந்தால் குழப்பம். 4.30 மணிக்குக் குளித்து, உலர்ந்த வேட்டி சேலையில் ஸ்படிக லிங்கம் பார்த்துவிட்டு அறைக்கு வந்து காபி குடியுங்கள். பிறகு 7 மணிக்கு அக்னி தீர்த்தத்திலிருந்து தொடங்குங்கள். வயதானவர்களுக்கு இது களைப்பு. அவர்கள் ஸ்படிக லிங்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முறை இதுதான்: முதலில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே உள்ள கடலில் முழுக்கு, அதுதான் அக்னி தீர்த்தம். அலை இருக்காது, இடுப்பளவு வரை நடந்து போகலாம். ஆனால் காலடியில் துணி சிக்கும். உடுத்திய துணியைக் கடலில் விட்டால் பாவம் தொலையும் என்று யாரோ சொல்லிவைத்ததால், விட்ட சேலைகளும் வேட்டிகளும் அடியில் பாசியோடு கிடக்கின்றன. நீங்களும் விட்டுவிட்டு வர வேண்டாம்.

அங்கிருந்து சொட்டச் சொட்ட கோயிலுக்கு. உள்ளே 22 தீர்த்தங்கள், பெரும்பாலும் கிணறுகள். கவுன்டரில் தலைக்கு 25 ரூபாய்ச் சீட்டு என்பது நீண்டகால வழக்கம். அன்றைய தொகை பலகையில் எழுதியிருக்கும். கிணற்று விளிம்பில் ஏறி நிற்பவர் கயிறு கட்டிய சின்ன வாளியைக் கையோடு விசிறி இறக்குவார்; வாளி தண்ணீரில் பட்ட சத்தம் அடங்குமுன் மேலே வந்து உங்கள் தலையில் கவிழும். வரிசையாகப் போனால் இரண்டு சொட்டுத்தான் விழுகிறது என்று சிலர் தனியாள் பிடிப்பார்கள். ‘உங்களுக்கு மட்டும் முழு வாளி’ என்று வெளியிலேயே ஆள் வந்து பேரம் தொடங்குவார். வேண்டுமானால் பிடியுங்கள், ஆனால் மொத்தக் குடும்பத்துக்கும் எவ்வளவு என்று முதல் கிணற்றுக்கு முன்பே பேசிவிடுங்கள். நடுவில் பேசினால் நீங்கள் நனைந்திருப்பீர்கள், அவர் காய்ந்திருப்பார்.

கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் இந்தக் கிணறுகளில் உப்புக் கரிக்காது என்பதைப் பிள்ளைகளுக்கு நாக்கில் வைத்தே காட்டலாம். கடைசிக் கிணறு கோடி தீர்த்தம். வீட்டுக்கு எடுத்துப்போவது இந்தத் தண்ணீரைத்தான்.

ஜீன்ஸ் வேண்டாம்: நீரைக் குடித்துக் கனக்கும், உள்தொடையை உரசிவிடும். பெண்களுக்குக் கெட்டியான பருத்திச் சேலையோ சுடிதாரோ போதும். கண்ணாடி, காது கேட்கும் கருவி, தாலிக்கொடி தவிர்த்த நகை எல்லாம் அறையில் இருக்கட்டும். கல்தளம் முழுக்கத் தண்ணீர், எல்லாரும் வெறுங்காலோடு ஓடுவார்கள்; இங்கே நடக்கிற விபத்து பெரும்பாலும் வழுக்கி விழுவதுதான். முழங்கால் அறுவை செய்தவர்கள் நான்கைந்து கிணறுகளோடு நிறுத்திக்கொண்டால் சாமி கோபித்துக்கொள்ளாது. குடும்பத்தில் ஒருவர் நனையாமல், மாற்றுத் துணிப்பையோடு காத்திருக்கட்டும். ஈர ஆடையில் சன்னதிக்குள் விடமாட்டார்கள். கைபேசிக்கும் உள்ளே அனுமதி இல்லை. பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று முன்பே சொல்லிவையுங்கள். ‘மூன்றாம் பிரகாரம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள், அது முடிவில்லாத தூண் வரிசை. ‘கிழக்குக் கோபுர வாசல்’ என்று சொல்லுங்கள். அந்தப் பிரகாரத்தைப் பார்க்க மாலையில் இன்னொரு முறை வாருங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்களை ஈரத்தில் நடுங்கிக்கொண்டு பார்க்க முடியாது.

திதி, அஸ்தி கரைக்க வருபவர்கள் மூன்று தலைமுறைப் பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். கோத்திரம் தெரியாதவர்களுக்குச் ‘சிவ கோத்திரம்’ என்று சொல்லிச் செய்வது வழக்கம். இறந்தது கனடாவிலோ லண்டனிலோ என்றால் தேதியோடு அந்த ஊர் நேரத்தையும் குறித்துவாருங்கள்; இங்கே அதே நொடியில் நாள் மாறியிருக்கலாம், தேதியை மட்டும் வைத்துப் பஞ்சாங்கம் பார்த்தால் திதி தவறலாம். அஸ்தியோடு இறப்புச் சான்றிதழும் தகனச் சான்றிதழும் இருக்க வேண்டும். உலோகச் செம்பில் வைத்தால் விமான நிலைய ஸ்கேனரில் உள்ளே தெரியாமல் திறக்கச் சொல்வார்கள்; மரப்பெட்டியோ பிளாஸ்டிக் டப்பாவோ நல்லது. புரோகிதரிடம் பொருள், தட்சிணை, அன்னதானம் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று ஒரே தொகையாகக் கேளுங்கள்.

தனுஷ்கோடி காலை

6 மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும். ஆட்டோ என்றால் காத்திருப்பும் சேர்த்துப் பேசுங்கள், ‘தனுஷ்கோடி’ என்று மட்டும் சொல்லாமல் ‘அரிச்சல்முனை வரை’ என்று சொல்லுங்கள். புயலில் அழிந்த பழைய ஊருக்கும் தீவின் கடைசி நுனியான முனைக்கும் இடையே 5 கிலோமீட்டர் இருக்கிறது. அந்த 5 கிலோமீட்டருக்குத்தான் பிறகு தகராறு வரும். முனை வரை தார்ச்சாலை 2017இலிருந்துதான். தண்ணீர், தொப்பி, சில்லறை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஏடிஎம் கிடையாது, நிழலும் கிடையாது.

முதலில் முனைக்குப் போய்விட்டு, திரும்பும்போது ஊரைப் பாருங்கள். 9 மணிக்கு மேல் முனையில் நிற்க முடியாது. மீனவர்கள் வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். ஒரு பக்கம் குளம், மறு பக்கம் கொந்தளிப்பு. காற்று மாறும் மாதங்களில் இந்தக் குணமும் இடம் மாறும், அதனால் அமைதியாகத் தெரிகிற பக்கத்திலும் குளிக்க இறங்காதீர்கள். இரண்டு கடலும் மோதும் இடத்தில் கீழே இழுப்பு இருக்கும், மணல் காலடியில் கரையும். கைபேசி சில நேரம் இலங்கைக் கோபுரத்தைப் பிடித்து ‘வரவேற்கிறோம்’ என்று செய்தி அனுப்பும். ரோமிங்கை அணைத்துவையுங்கள், இல்லாவிட்டால் செல்ஃபி அனுப்பிய கட்டணம் ஊருக்குப் போன பிறகு தெரியும்.

பழைய ஊரில் தேவாலயச் சுவரை நெருங்கிப் பாருங்கள். அது செங்கல் அல்ல, பவளப்பாறைக் கல். தேன்கூடு போன்ற துளைகளும் பழைய பூச்சின் சுண்ணாம்பும் தெரியும். ஏறவோ பெயர்க்கவோ கூடாது, கல் உதிர்கிறது. அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து வரும் போட் மெயில் ரயில் பயணிகள் இங்கே இறங்கி நீராவிக் கப்பலில் இலங்கையின் தலைமன்னாருக்குப் போவார்கள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயல் ஊரையும், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் சேர்த்துக் கொண்டுபோனது. மீனவக் குடிசைப் பக்கம் கடலோரமாகவே ஊற்று தோண்டியிருப்பார்கள்: மணலைக் கையால் இரண்டடி பறித்தால் நல்ல தண்ணீர் கசியும். ஆழமாகத் தோண்டினால் உப்பு. மழைநீர் கடல்நீரின் மேல் மிதந்து நிற்பதுதான் காரணம்.

குடிசைக் கடைகளில் மீன் வறுத்துத் தருவார்கள். செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவந்திருக்க வேண்டும். விலையை வறுக்கும் முன் கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது விலை ஏறும், ஐஸில் கிடந்த மீனும் வரும். கடைகளில் பவளம், கடல் அட்டை யாராவது நீட்டினால் தொடாதீர்கள், வனவிலங்குச் சட்டப்படி குற்றம். மலிவான ‘வலம்புரிச் சங்கு’ என்பது பெரும்பாலும் வேறு கடலில் இயல்பாகவே அந்தப் பக்கம் சுருளும் வேறு இன நத்தையின் ஓடு.

திரும்பும் வழியில் ராமநாதபுரத்தில் ராமலிங்க விலாசம். ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் அரண்மனைச் சுவரோவியங்களுக்கு ஒரு மணி நேரம் வேண்டும். பிறகு மாலை 4 மணிக்கு மேல் உத்தரகோசமங்கை. மரகத நடராஜர் ஆண்டு முழுக்கச் சந்தனக் காப்பில்தான் இருப்பார், ஆருத்ரா தரிசனத்தின்போது மட்டும் களைவார்கள். ‘பச்சை தெரியவில்லையே’ என்று ஏமாற வேண்டாம். வழியில் முண்டு மிளகாய் வாங்கிக்கொள்ளுங்கள், ராமநாதபுரத்துக்கே புவிசார் குறியீடு உள்ள குண்டு மிளகாய். கோடி தீர்த்தத்தைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். கடையில் விற்கும் செம்புச் சொம்பு பெட்டிக்குள் கசிந்து பட்டுச்சேலையை நனைக்கும். திருகு மூடிப் பாட்டிலில் முக்கால் அளவு ஊற்றி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பாலித்தீன் பையில் முடிந்து, பெட்டியில் போடுங்கள்.