கைக்குழந்தையோடு சென்னைக்கு: எதைப் பெட்டியில் வைப்பது, எதை இங்கே வாங்குவது

டொரன்டோவிலோ லண்டனிலோ வாங்கிய குழந்தைச் சாமான் பெட்டியில் பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும். மாம்பலத்திலோ அண்ணா நகரிலோ தாத்தா பாட்டி வீட்டில் இறங்கிய இரண்டாம் நாள், அதில் பல உதவாமல் மூலையில் கிடக்கும். பொருளில் குறை இருக்காது. இங்கே கரண்ட் வேறு, தண்ணீர் வேறு, வெக்கை வேறு, போதாததற்கு எறும்பு. அதனால் பாட்டிலோ கப்போ டீத்தரோ, எதை எடுத்து வைக்கும்போதும் இரண்டு கேள்வி கேளுங்கள். கடைசித் துண்டு வரை கழற்றிக் கழுவ முடியுமா? கரண்ட் இல்லாத நேரத்தில் சாதாரணப் பாத்திரத்தில் கொதிக்கவைக்க முடியுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் பெட்டியில் வையுங்கள்.

கரண்டில் ஓடும் சாமான்

இந்தியாவில் 230 வோல்ட். அமெரிக்கா, கனடாவில் 120. பிளக் அடாப்டர் செருகும் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. அடியில் 120 என்று மட்டும் அச்சிட்ட ஸ்டெரிலைசரையோ பாட்டில் வார்மரையோ இங்கே செருகினால் அதோடு அதன் கதை முடிந்தது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கலாமே என்று தோன்றும். சூடாக்கும் சாதனத்துக்கு ஈடுகொடுக்கும் டிரான்ஸ்பார்மர் செங்கல் கனம் கனக்கும். இரண்டு வாரப் பயணத்துக்கு அந்தச் செலவு வீண். பிரெஸ்ட் பம்ப்பின் அடாப்டரில் பெரும்பாலும் 100–240 என்று இருக்கும். அப்படி இருந்தால் பயமில்லை. பிரிட்டன், சிங்கப்பூரிலிருந்து வருவோருக்கு வோல்டேஜ் ஒத்துப்போகும். உருண்டை முனைப் பிளக்குக்கான அடாப்டர் மட்டும் போதும்.

ஸ்டெரிலைசர் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், வீட்டில் இட்லிப் பானை இருக்கிறது. அடியில் இரண்டு டம்ளர் தண்ணீர், மேலே துளைத்தட்டு, கழுவிய பாட்டில்களை வாய் கீழாகக் கவிழ்த்து, நிப்பிளையும் வளையத்தையும் தனித்தனியாக வைத்து மூடுங்கள். நீராவி வரத் தொடங்கியதிலிருந்து 10 நிமிடம். குக்கரில் வெயிட் போட்டு விசில் விட வேண்டாம், பிளாஸ்டிக் கோணிக்கொள்ளும். தண்ணீரில் மூழ்கவைத்துக் கொதிக்கவிடுவதானாலும் அதே 10 நிமிடம். பாத்திரத்தின் அடியில் ஒரு பருத்தித் துணியை மடித்துப் போட்டால் பாட்டில் அடிச்சூட்டில் ஒட்டாது. பாட்டிலுக்குள் காற்றுக் குமிழ் நின்றால் அந்த இடத்தில் வெந்நீர் படாது, கவனியுங்கள்.

கிருமிநாசினி மாத்திரை பழகியவர்கள் தாங்கள் வசிக்கும் ஊரிலிருந்தே கொண்டுவருவது நல்லது. இங்கே கடையில் அந்த மாத்திரையின் பிராண்ட் பெயரைச் சொல்லி ‘மில்டன்’ கேட்டால், அதே பெயரில் விற்கும் பிளாஸ்க்கை எடுத்துக் காட்டுவார்கள். பிரிட்டனில் விற்கும் அந்த மாத்திரையில் ஒன்றுக்கு 5 லிட்டர் தண்ணீர், 15 நிமிடம் ஊறல். 24 மணி நேரத்தில் கரைசலை மாற்ற வேண்டும். வெள்ளி, எவர்சில்வர் எதையும் அதில் போடக் கூடாது, உலோகம் அரித்துவிடும்.

தண்ணீர்

சென்னையில் பல வீட்டுக் குழாயில் வருவது போர்வெல் நீர். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. வற்ற வற்ற இன்னும் கூடும். ஆகவே குழந்தைக்குப் பால் கலக்க ஆர்ஓ தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுத்து, அதையும் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். ‘கேன் தண்ணிதானே, சுத்தமாத்தானே இருக்கும்’ என்று வீட்டில் சொல்வார்கள். சுத்தமாக இருக்கலாம், கிருமியற்றது என்று பொருளில்லை. இட்லிப் பானைக்கும் இதே தண்ணீரை ஊற்றினால் பாட்டிலில் வெள்ளைப் படலம் படியாது. படிந்துவிட்டால் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுத் தேய்த்தால் போய்விடும்.

பால் பவுடர்: கரண்டிக் கணக்கில்தான் கோளாறு

சென்னைப் பயணத்தில் நேரும் பெரிய தவறு இதுதான். அமெரிக்க டின்களில் பெரும்பாலும் ஒரு ஸ்கூப்புக்கு 60 மில்லி தண்ணீர். இந்தியாவில் விற்கும் டின்களில் பெரும்பாலும் ஒரு ஸ்கூப்புக்கு 30 மில்லி, பிரிட்டனிலும் அப்படித்தான். அமெரிக்கப் பழக்கத்தில் இந்தியப் பவுடரை 60 மில்லிக்கு ஒன்று என்று கலந்தால் பால் பாதிக்குப் பாதி நீர்த்துவிடும். குழந்தை வயிறு நிறையக் குடித்தும் பசியோடு அழும், எடை ஏறாது; நாள்கணக்கில் தொடர்ந்தால் உடலில் சோடியமும் இறங்கும். அமெரிக்க டின் பழகாத பாட்டி, அதை இந்தியக் கணக்கில் கலந்தால் பால் இரட்டிப்புக் கெட்டியாகும். மலச்சிக்கல், நீரிழப்பு, மே மாத வெயிலில் இது ஆபத்து. ஒரு டின்னின் ஸ்கூப்பை இன்னொரு டின்னில் போடவே கூடாது. அமெரிக்க டின் என்றால் அதன் மூடியில் மார்க்கரால் ‘1 ஸ்கூப் – 60 மில்லி’ என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். பால் கலக்கும் எல்லோருக்கும் உதவும்.

மூன்று நான்கு வாரப் பயணம் என்றால் குழந்தை பழகிய பவுடரையே முழுதாகக் கொண்டுவாருங்கள். ஒரு நாளைக்கு 900 மில்லி குடிக்கும் குழந்தைக்குச் சுமார் 130 கிராம் பவுடர் செலவாகும். 400 கிராம் டின் மூன்று நாள். டின்களை இரண்டு பெட்டியில் பிரித்து வையுங்கள், இரண்டு நாளுக்கானது கைப்பையில். ஒரு பெட்டி தாமதமானாலும் தவிக்க வேண்டாம்.

இங்கே வாங்கத்தான் வேண்டும் என்றால் டின்னில் உள்ள எண்ணைப் பாருங்கள்: 1 என்பது ஆறு மாதம் வரை, 2 ஆறு மாதத்துக்குப் பின். காலாவதித் தேதி, 14 இலக்க உணவு உரிம எண் இருக்க வேண்டும். இறக்குமதி டின்னில் இறக்குமதியாளர் பெயர் போட்ட ஸ்டிக்கர் இல்லையென்றால், எவ்வளவு பழகிய பிராண்டானாலும் விட்டுவிடுங்கள். எந்த வெயிலில் எத்தனை நாள் கிடந்ததோ. தள்ளுபடி இருக்கிறதா என்று மருந்துக்கடையில் கேட்டுப் பயனில்லை. பால் பவுடருக்கும் பாட்டிலுக்கும் விளம்பரம், சலுகை, இலவச மாதிரி எல்லாவற்றையும் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது.

கலக்கும் முறை: கொதித்த நீரை அரை மணிக்கு மேல் ஆறவிடாமல், 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூட்டில் பாட்டிலில் முதலில் தண்ணீர், பிறகு பவுடர். பவுடர் கிருமியற்ற பொருள் அல்ல. அந்தச் சூடுதான் அதிலுள்ள கிருமியைக் கொல்கிறது. பிறகு ஆறவைக்கக் குழாயைத் திறந்தால், மதியத்தில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வருவதே வெந்நீராக இருக்கும். ஒரு கிண்ணத்தில் ஐஸ் போட்ட தண்ணீர் வைத்து அதில் பாட்டிலை நிறுத்துங்கள். மணிக்கட்டில் சொட்டுவிட்டுப் பார்த்துக் கொடுங்கள். குடித்து மீந்ததை அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள்.

வெளியே போகும்போது பிளாஸ்கில் கொதிநீர், டப்பாவில் அளந்த பவுடர் தனியாக. திறந்த டின்னை ஃபிரிட்ஜில் வைத்தால் ஈரம் கோத்துக் கட்டிதட்டும். இறுக மூடி, அடுப்புக்குத் தள்ளி, தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் வையுங்கள், எறும்பு ஏறாது.

தாய்ப்பால் குடிக்கும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு எந்த வெயிலிலும் தனியாகத் தண்ணீர் வேண்டாம். ‘நாக்கு வறண்டு கிடக்கே’ என்று பாட்டி சொன்னால் இன்னொரு முறை பால் கொடுங்கள், அதில் தண்ணீரும் இருக்கிறது.

பாட்டில், பாலாடை, டம்ளர்

பாட்டில் இங்கே வாங்கலாம். ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பிளாஸ்டிக் பாட்டிலுக்கான தர எண் ஐஎஸ் 14625. அவென்ட், பிஜன், சிக்கோ, லவ்லேப் போன்றவை பெரிய மருந்துக்கடைகளிலும் குழந்தைப் பொருள் கடைகளிலும் கிடைக்கும். கவனிக்க வேண்டியது கழுத்தின் அகலம். அகலக் கழுத்து நிப்பிள் குறுகிய கழுத்தில் உட்காராது, உட்கார்ந்தாலும் ஒழுகும். வேறு பிராண்ட் பழகிய குழந்தையென்றால் நான்கைந்து உபரி நிப்பிள், ஒன்றிரண்டு வால்வு ஊரிலிருந்தே எடுத்து வாருங்கள். தினமும் கொதித்தால் சிலிக்கோன் சீக்கிரம் தளர்ந்துவிடும். ஒட்டினாலோ வெடிப்பு விட்டாலோ துளை பெரிதானாலோ தூக்கிப் போடுங்கள்.

உள்ளே வால்வு, குழல், ரப்பர் வளையம் என்று ஏழெட்டுத் துண்டு கொண்ட பயிற்சிக் கப் சென்னைக்கு ஏற்றதல்ல என்பது எங்கள் தீர்மானம். பால் பட்ட வால்வு இந்தப் புழுக்கத்தில் ஒரே நாளில் நாறும், கருப்புப் பூசணம் பிடிக்கும். இதற்கு மாற்று எவர்சில்வர் கடையிலேயே இருக்கிறது: 50 மில்லி பிடிக்கும் குட்டி டம்ளர். ஆறு மாதம் ஆன குழந்தைக்கு உட்காரவைத்து, விளிம்பைக் கீழுதட்டில் வைத்து, ஒரு மடக்கு நீர். விளிம்பு சுருட்டி மழுங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள்.

பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்குப் பிழிந்தெடுத்த பால் கொடுக்க, மூக்கு வைத்த குட்டிக் கிண்ணமான பாலாடையைவிட வசதியானது ஏதுமில்லை. வெள்ளியில் நகாசு வேலை செய்ததைச் சீருக்குக் கொடுப்பார்கள். அந்தப் பள்ளங்களில் பால் தங்கும். அன்றாடத்துக்கு வழவழப்பான எவர்சில்வர் பாலாடை வாங்குங்கள். குழந்தையைக் காலில் மல்லாத்திப் போட்டு ஊற்றும் பழைய முறையில் புரையேறும். மடியில் நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்குச் சாய்த்தால் குழந்தை தானே உறிஞ்சும். விழுங்கிய பிறகு அடுத்த சாய்ப்பு.

திட உணவுக்குப் பெரிதாக எதுவும் சுமக்க வேண்டாம். இட்லி, குழைந்த பருப்பு சாதம், ராகிக் கூழ், வாழைப்பழம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். கடைச் சத்துமாவில் முந்திரி, வேர்க்கடலை கலந்திருக்கும். புதிதாகக் கொடுப்பவர்கள் அட்டையைப் படியுங்கள். டின் தானிய உணவில் சர்க்கரை சேர்த்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு ஆவின் பால் காய்ச்சிக் கொடுக்கலாம்: நீலப் பாக்கெட்டில் 3 சதவீதக் கொழுப்பு, ஆரஞ்சில் 6. ஓட்டல்களில் குழந்தை நாற்காலி கிடைத்தாலும் இடுப்புப் பட்டை அறுந்திருக்கலாம். துணியால் ஆன பயண பெல்ட் ஒன்று பையில் இருந்தால் எந்த நாற்காலியிலும் கட்டிக்கொள்ளலாம்.

பல் முளைக்கும்போது

முதல் பல் பெரும்பாலும் ஆறு மாத வாக்கில் கீழ் நடுவில் எட்டிப் பார்க்கும். நாலிலும் வரலாம், பன்னிரண்டிலும் வரலாம். டீத்தர் வாங்கும்போது ஒரே துண்டாக வார்த்த சிலிக்கோன் வாங்குங்கள். உள்ளே நீர் நிரப்பியது கடிபட்டு ஒழுகும், கொதிக்கவைக்கவும் முடியாது. ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் கால் மணி நேரம் போதும். ஃப்ரீசரில் கல்லாக உறையவைத்தால் ஈறு புண்ணாகும். டீத்தர் இல்லையென்றால் பழைய வேட்டித் துணியைத் துவைத்து, கொதித்து ஆறிய நீரில் நனைத்து, முறுக்கிக் குளிரவைத்துக் கொடுங்கள். கேரட் துண்டு வேண்டாம், உடைந்து தொண்டையில் சிக்கும்.

மருந்துக்கடையில் கேட்டால் ஈறில் தடவ ஜெல் தருவார்கள். குழாயில் லிக்னோகெய்ன், பென்சோகெய்ன், கோலின் சாலிசிலேட் என்ற பெயர் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். வாய்ப்புண்ணுக்கான ஜெல்தான் பெரும்பாலும் இப்படிக் கைமாறும். முதல் இரண்டும் உமிழ்நீரோடு இறங்கித் தொண்டையை மரக்கவைக்கலாம்; லிக்னோகெய்ன் அளவு மீறினால் வலிப்புவரை போகும்; பென்சோகெய்ன் ரத்தம் ஆக்சிஜன் சுமப்பதையே கெடுக்கலாம். அம்பர் மணிமாலை, கையில் கட்டும் வசம்பு மணி இரண்டும் அறுந்தால் வாய்க்குள் போகும். நிப்பிளில் தேன் தொட்டுக் கொடுப்பது ஒரு வயதுக்குள் கூடவே கூடாது, பாட்டுலிசம் என்ற நச்சு நோய்க்கு அதுவே வழி. இதைப் பாட்டியிடம் நீங்கள் சொல்வதைவிடக் குழந்தை மருத்துவர் வாயால் சொல்லவைத்தால் வீட்டில் அமைதி இருக்கும்.

வலி அதிகமானால் பாரசிட்டமால். இங்கேதான் இரண்டாவது கணக்குக் கோளாறு. அமெரிக்காவில் 5 மில்லியில் 160 மில்லிகிராம், பிரிட்டன் குழந்தை சிரப்பில் 120. இந்தியக் கடையில் 5 மில்லிக்கு 120, 125, 250 என்று வெவ்வேறு வலிமை உண்டு, சில நேரம் ஒரே பிராண்ட் பெயரில். இதற்கு மேல் துளி மருந்து என்று ஒரு சின்னப் புட்டி: அதில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். ஊரில் கொடுத்த 5 மில்லி ஞாபகத்தில் இதைக் கொடுத்தால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். அளவு மில்லியில் இல்லை, எடையில் இருக்கிறது: ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம், குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி, நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் போகக் கூடாது. 8 கிலோ குழந்தைக்கு 80 மில்லிகிராம் என்றால் துளி மருந்தில் 0.8 மில்லி. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் தரவே வேண்டாம். பழகிய சிரப்பும் அதன் சிரிஞ்சும் ஊரிலிருந்தே வந்தால் இந்தக் குழப்பமே இல்லை.

38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பால் குடிக்க மறுப்பது, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது இவற்றைப் ‘பல்லு வருது’ என்று தள்ளிவிடாதீர்கள். சென்னை மழைக்காலக் காய்ச்சலில் டெங்குவும் உண்டு. இரவில் அவசரமென்றால் 108 ஆம்புலன்ஸ். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை எந்நேரமும் திறந்திருக்கும். போகும்போது கொடுத்த மருந்துப் புட்டியையும் பால் டின்னையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.